வேட்டையறமும் வேட்டைச் சட்டமும்: வன்னிக் காட்டில் வேடர் எதிர்ப்பட்ட வரலாறு

முன்னுரை

வேட்டையின் வரலாறு பெரும்பாலும் மனிதனுக்கும் விலங்குக்கும் இடையிலான உறவின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எக்கருவியால் எவ்விலங்கு கொல்லப்பட்டது, வில்லின் இடத்தைத் துவக்கு எவ்வாறு பெற்றது, எவ்விலங்கு எப்போது அருகியது என்பனவே அவ்வரலாற்றின் வினாக்களாக அமைந்துள்ளன. ஆயின் காட்டினுள் நிகழும் மற்றொரு சந்திப்பும் உண்டு. அது வேடன் மற்றொரு வேடனை எதிர்கொள்ளும் சந்திப்பு. இருவர் கையிலும் கொல்லும் கருவி உளது. இருவரும் ஓசையின்றி மறைந்து நடப்போர். இருவரும் ஒரே இரையை நாடி வந்திருத்தலும் கூடும். ஊரோ தொலைவில் உளது. சான்று கூற மூன்றாமவர் இல்லை. விலங்கினால் நேரும் ஆபத்தோடு ஒப்பிடுமிடத்து இச்சந்திப்பினால் நேரும் ஆபத்துச் சிறியதன்று.

இச்சந்திப்பைக் குருதி சிந்தாது கடப்பதற்கு வேட்டைச் சமுதாயம் மூன்று வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். நிற்கும் நிலம் யாருடையது? வீழ்ந்த இரை யாருடையது? எதிரே நிற்பவன் யார்? இம்மூன்றுக்கும் பண்டை வழக்காறு விடை வகுத்திருந்தது. பின்வந்த அரசுகளோ இவற்றை விடுத்து, வேட்டையாடுவதற்கு உரிமை அளித்தவர் யார் என்ற நான்காம் வினாவையே முதன்மைப்படுத்தின. வழக்காறு மறைந்த இடத்தைச் சட்டம் நிரப்பவில்லை என்பதும், அதன் விளைவை இன்றுவரை காட்டோர மக்கள் தம் உடலிலே தாங்குகின்றனர் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். மல்லாவியைச் சூழ்ந்த மேற்கு வன்னியைக் களமாகக் கொண்டு, அக்காட்டோடு தொடர்புடைய சான்றுகளையும், இலங்கை வேடரைப் பற்றிய பதிவுகளையும், தமிழ் மரபிலுள்ள செய்திகளையும் ஒருங்கே வைத்து இதனை நோக்குவாம்.

களம்

மாங்குளத்திலிருந்து மேற்கே வெள்ளாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில் மல்லாவி அமைந்துள்ளது. இன்று அது முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அதன் அயலிலே பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்ட தொன்மையான வவுனிக்குளம் உளது. வன்னிமைகளுள் முதன்மை பெற்றிருந்த பனங்காமமும் இம்மேற்கு வன்னியிலேயே அடங்கும். குளமும் வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் நிலம் இது. இங்கு உழவனும் வேடனும் இருவேறு மனிதர் அல்லர். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே கிடைக்கும் ஓய்விலே உழவனே வேடனாவான். பயிரை அழிக்கவரும் பன்றியை விரட்டுங்கால் காவலனே வேடனாவான்.

வன்னியின் மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றினாலே ஐப்பசி முதல் தை வரை பெறப்படுவது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வறட்சி நிலவும். மழைக்காலத்தில் காடெங்கும் நீர் இருப்பதனால் மானும் மரையும் பன்றியும் பரந்து திரியும். வறட்சியில் சிறுநீர்நிலைகள் ஒவ்வொன்றாக வற்ற, விலங்குகள் எஞ்சிய சில மோட்டைகளையும் குளங்களையும் நாடி வரும். விலங்கு வருமிடத்தை அறிந்த வேடனும் அங்கேயே காத்திருப்பான். ஒருவன் அறிந்ததை மற்றவனும் அறிவான். ஆதலின் ஒரே நீர்நிலையின் இருகரையிலும் இருவேறு ஊரார் இருளிற் பதுங்கியிருத்தல் வன்னிக் காட்டில் தற்செயலாக நேர்வதன்று. நிலத்தின் இயல்பினாலேயே நேர்வது.

வேட்டை இந்நிலத்தின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது என்பதற்கு இடப்பெயர்களே சான்றாகும். வவுனியாவுக்கு வடக்கே பன்றிக்கெய்தகுளம் உண்டு. மரையடித்தகுளம் என்ற பெயரும் வழங்குகின்றது. கிளிநொச்சிப் பகுதியில் ஆனைவிழுந்தான்குளம் உளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலிலே ஆனையிறவு உளது. இவற்றுள் முதலிரண்டும் ஒரு குறித்த வேட்டையை ஒரு குறித்த நீர்நிலையோடு பிணைக்கின்றன. எய்தவன் பெயர் மறைந்துவிட்டது. எய்த இடம் மட்டும் நிலைத்துள்ளது. ஓரிடத்தில் நிகழ்ந்த வேட்டை தனிமனிதனின் செயலாக அன்றி ஊரறிந்த செய்தியாகக் கருதப்பட்டது என்பதை இப்பெயர்கள் புலப்படுத்துகின்றன எனலாம்.

நிலம் யாருடையது?

காடு எல்லையற்றது, அங்கே எவரும் வேட்டையாடலாம் என்பது வெளியார் கருத்து. காட்டிலே வாழ்ந்தோர் அவ்வாறு கருதவில்லை. இதற்கு நாம் பெறும் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. 1660 இல் கொட்டியாரத்தில் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்ட நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்தபின், 1679 இல் அநுராதபுரத்தினூடாக மல்வத்து ஓயா எனப்படும் அருவியாற்றின் வழியே தப்பி, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய நூல் 1681 இல் இலண்டனில் வெளியாயிற்று.

வேடர் காட்டைத் தமக்குள் பங்கிட்டுள்ளனர் என்றும், ஒரு கூட்டத்தார் தம் எல்லைக்கு அப்பால் எய்யவோ தேன் எடுக்கவோ கனி பறிக்கவோ கூடாது என்றும் நொக்ஸ் எழுதுகின்றார். அதனைத் தொடர்ந்து ஒரு நிகழ்ச்சியையும் கூறுகின்றார். இரு கூட்டத்தாரின் எல்லையருகே ஒரு பலாமரம் நின்றது. ஒருவன் அதிற் காய் பறித்தான். அயற் கூட்டத்தான் அதனைக் கண்டு, அம்மரம் தம்முடையது என்றான். சொல் வளர்ந்து கைகலப்பாயிற்று; ஒருவன் மற்றவனை எய்தான். இரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் திரண்டு வில்லும் அம்புமாக மோதினர். முடிவில் 20 அல்லது 30 பேர் அவ்விடத்திலேயே மாண்டு கிடந்தனர்.

இந்நிகழ்ச்சியை வேடரின் கொடுமைக்குச் சான்றாக வாசிப்போர் உளர். அவ்வாசிப்புப் பொருந்தாது. எல்லை இருந்தமையாலன்று, எல்லைக் கோட்டின்மேல் நின்ற ஒரு மரத்துக்கு விடை இல்லாமையாலேயே இப்போர் மூண்டது. எல்லையின் இருபுறத்தும் முறை தெளிவாக இருந்தது. இடையிலே ஒரு மரத்தின் அகலமே ஐயத்துக்கு இடமாயிற்று. அந்த அகலத்திலே இத்தனை பேர் மாண்டனர் எனின், எஞ்சிய காட்டிலே அமைதி நிலவியதற்கு எல்லை முறையே காரணம் என்பது வெளிப்படை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இதே வழக்கத்தை மானிடவியலாளர் மீண்டும் கண்டனர். சீ. ஜி. செலிக்மன், பிரெண்டா செலிக்மன் ஆகியோர் வேடரைப் பற்றி 1911 இல் வெளியிட்ட நூலில், ஒரு வேடன் தன் உடன்பிறந்தான் நிலத்திற்கூட அவனது இசைவின்றி வேட்டையாடுவதில்லை எனக் குறித்துள்ளனர். ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனின், பகைவனைத் தடுப்பதற்கு மட்டும் இவ்விதி ஏற்படவில்லை என்பதாகும். உடன்பிறந்தானையும் கேட்கச் செய்யும் விதி, அயலானைக் கேட்கச் செய்வதை இழிவாக ஆக்காது. அனைவரும் கேட்கும் இடத்திற் கேட்பவனுக்குத் தாழ்வில்லை.

இரை யாருடையது?

எல்லையை மனிதர் மதிக்கலாம், விலங்கு மதிப்பதில்லை. ஒருவன் நிலத்தில் அம்புபட்ட மான் மற்றொருவன் நிலத்தில் வீழும். ஒருவன் துரத்திய பன்றியை வேறொருவன் எய்வான். வேட்டைக் களத்திலே பூசல் விளைவதற்குரிய முதன்மையான இடம் இதுவே.

இப்பூசலை மையமாகக் கொண்ட கதை ஒன்று இந்திய மரபில் மிகப் பழைமையானது. மகாபாரதத்து ஆரணிய பருவத்திலே அருச்சுனன் தவம் புரியுங்கால், மூகன் என்ற அசுரன் பன்றி வடிவில் அவனைக் கொல்ல வருகின்றான். வேடுவ வடிவில் வந்த சிவபெருமானும் அருச்சுனனும் ஒரே வேளையில் அதன்மேல் அம்பு தொடுக்கின்றனர். பன்றி வீழ்கின்றது. யார் அம்பினால் வீழ்ந்தது என்பதே பூசல். முதலிற் குறிவைத்தவன் தானே என்கின்றான் வேடன். நீ செய்தது வேட்டையறம் அன்று என்கின்றான் அருச்சுனன். பாரவியின் வடமொழிக் காவியமும், தமிழிலே வில்லிபாரதமும், அருச்சுனன் தபசு என்னும் கூத்தும் இதனையே விரித்துரைக்கின்றன. பக்தர் இக்கதையை இறைவனின் திருவிளையாடலாகக் கொள்வர். வரலாற்று மாணவருக்கோ வேறொரு செய்தியும் இதிற் கிடைக்கின்றது. வேட்டைக்கென ஓர் அறம் உண்டு என்பதும், அது இருவேறு குலத்தாரையும் கட்டுப்படுத்தும் என்பதும், அரசகுமாரனும் காட்டு வேடனும் அவ்வறத்தின் முன் சமமாக நின்று வாதிடலாம் என்பதும் அக்கதை கேட்டோர்க்கு இயல்பாகத் தோன்றியமையே அச்செய்தியாகும்.

வேடர் வழக்கிலே இப்பூசலுக்கு எளிய தீர்வு இருந்தது. ஒருவன் துரத்திய விலங்கு மற்றொருவன் நிலத்திற் புகுந்து அங்கே கொல்லப்படின், அந்நிலத்துக்குரியோனுக்கு இறைச்சியில் ஒரு பங்கு கொடுத்தல் வேண்டும் என்பதைச் செலிக்மன் தம்பதியர் பதிவு செய்துள்ளனர். கொன்றவன் உரிமை இழப்பதில்லை. நிலத்துக்குரியோன் வெறுங்கையோடு போவதுமில்லை. இவ்விதியின் மற்றொரு பயனும் கருதத்தக்கது. பங்கு கொடுக்க வேண்டுமாயின் நிலத்துக்குரியோனைத் தேடிச் சென்று நடந்ததைக் கூறவேண்டும். அதனால் மறைவாக நிகழ்ந்த அத்துமீறல் வெளிப்படையான விருந்தாக மாறுகின்றது.

தென்னாபிரிக்கக் கலகாரிப் பாலைநிலத்துச் சான் மக்களிடையே இதனை ஒத்த வேறொரு வழக்கு உண்டு. அங்கே விலங்கை முதலில் தைத்த அம்பு யாருடையதோ, இறைச்சியைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பும் அவருக்குரியது. அம்புகளோ இரவலாகவும் கொடையாகவும் கைமாறுவன. ஆதலின் திறமை மிக்க வேடன் எப்போதும் இரையின் தலைவனாவதில்லை. வேட்டைக்குச் செல்லாத முதியவரின் அம்பும் அவருக்குப் பெருமை தேடித்தரும். எய்தவன் செருக்கும் எய்யாதவன் அழுக்காறும் ஒருங்கே தணிக்கப்படுகின்றன.

உரோமச் சட்டம் வேறு வழியிற் சென்றது. காட்டு விலங்கு எவருக்கும் உரியதன்று; முதலிற் பிடித்தவனுக்கே அது உரியதாகும் என்பது அதன் கொள்கை. காயப்படுத்திய மாத்திரத்திலேயே உரிமை பிறக்குமா என்பதில் உரோமச் சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. துரத்திச் செல்லும்வரை காயப்படுத்தியவனுக்கே விலங்கு உரியது என்றார் திரெபாற்றியுஸ். பிடிக்கும்வரை எதுவும் நேரலாம், ஆதலின் பிடித்தவனுக்கே உரியது என்றனர் பிறர். கி.பி. 533 இல் யுஸ்ரினியன் பேரரசனின் சட்டநூல் பின்னைய கருத்தையே ஏற்றது. பிறர் நிலத்திற் பிடித்தாலும் விலங்கு பிடித்தவனுக்கே சேரும். நிலத்துக்குரியோன் உள்ளே வராது தடுக்கலாம், அவ்வளவே. இவ்வுரோமச் சட்டத்தின் வழிவந்த உரோமன் டச்சுச் சட்டமே இலங்கையின் பொதுச்சட்டம் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒரே நிகழ்ச்சிக்கு வேடர் வழக்கு நிலத்தானுக்குப் பங்கு அளித்தது. ஏட்டுச் சட்டம் ஏதும் அளிக்கவில்லை.

பிடித்தவனுக்கே எல்லாம் என்ற விதி வேடரிடையே அமைதியைத் தராது என்பதை ஒரு நீதிபதியே உணர்ந்திருந்தார். அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்தில் போஸ்ற் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்திச் செல்லுங்கால், பியேர்சன் என்பவர் இடையிற் புகுந்து அதனைக் கொன்று எடுத்துச் சென்றார். 1805 இல் அம்மாநில உயர்நீதிமன்றம் உரோமச் சட்டத்தை எடுத்துக்காட்டிப் பியேர்சனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட கருத்துடைய லிவிங்ஸ்ரன் என்ற நீதிபதியோ, இது வேட்டைக்காரரின் நடுவர் தீர்ப்புக்கு விட்டிருக்க வேண்டிய சிக்கல் என்றார். சட்டநூல்கள் கற்றவரே, இவ்விடத்தில் நூலினும் வழக்காறே சிறந்த நடுவர் என்பதை ஒப்புக்கொண்டமை கவனிக்கத்தக்கது.

எதிரே நிற்பவன் யார்?

நிலமும் இரையும் பற்றிய விதிகள் பயன்பட வேண்டுமாயின், அதற்கு முன்னர் எதிர்ப்பட்டவர் ஒருவரையொருவர் மனிதராக அடையாளங் காணல் வேண்டும். புதர் அசைகின்றது, அங்கிருப்பது பன்றியா ஆளா? ஆளாயின் உறவா பகையா? இம்முதற் கணத்தைக் கடப்பதற்கும் வழக்காறுகள் இருந்தன.

நொக்ஸ் கூறும் ஒரு செய்தி இதனை விளக்கும். காட்டு வேடர் கொல்லரோடு நேரிற் பேசுவதில்லை. இரவிலே கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வடிவிற் செய்து வைப்பின் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிடின் இரவில் அம்பு வரும். முகங்காணாத இருவரிடையே ஓர் இலை தூது செல்கின்றது. சந்திப்பைத் தவிர்ப்பதும் சந்திப்பை ஒழுங்குபடுத்தும் முறைகளுள் ஒன்று என்பதை இது காட்டுகின்றது.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து வடபுலக் காடுகளை நன்கறிந்த எச். பாக்கர், 1909 இல் வெளியிட்ட நூலில் வேறிரு வழக்கங்களைக் குறித்துள்ளார். ஒன்று, வேட்டையாடுவோர் காட்டினுள் விலங்குகளின் வழக்கமான பெயரைக் கூறாது தமக்கெனத் தனிச்சொற்களை வழங்குதல். மற்றொன்று, காட்டினுட் புகுவோர் சிறு குழையை முறித்து வழியோரக் கிளையிலே தொங்கவிட்டுக் காட்டுத் தெய்வத்தை வணங்குதல். சிங்களர் ஐயநாயக்க எனவும் தமிழர் ஐயனார் எனவும் போற்றும் அத்தெய்வம் வன்னியின் குளக்கட்டுகளெங்கும் கோயில் கொண்டுள்ளது. இவ்வழக்கங்கள் அச்சத்தினாலும் பக்தியினாலும் எழுந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றுக்கு நடைமுறைப் பயனும் இருந்திருத்தல் வேண்டும். புதிதாக முறிக்கப்பட்ட குழை, முன்னே ஆள் சென்றுள்ளது என்பதைப் பின்வருவோனுக்கு உணர்த்தும். காட்டுச்சொல் அறிந்தவன் காட்டு முறையும் அறிந்தவன் என்பது கேட்ட அளவிலே விளங்கும். தமிழரும் சிங்களரும் ஒரே காட்டில் எதிர்ப்பட்டபோது, மொழியால் வேறுபட்டோர் ஒரே தெய்வத்தின் எல்லைக்குள் நிற்போராயினர்.

எதிர்ப்பட்டவனை எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்பதற்குத் தமிழ் மரபு காட்டும் உயர்ந்த எடுத்துக்காட்டுப் புறநானூற்றின் 150 ஆம் பாடலாகும். வன்பரணர் என்னும் புலவர் வழிநடந்து களைத்து, கந்தலுடையோடு ஒரு பலாமரத்தடியில் இருக்கின்றார். மான் வேட்டையாடிய குருதி காலிற் படிந்த நிலையில் ஒரு வேடன் வருகின்றான். புலவர் எழ முயல, அவன் கையமர்த்தி இருக்கச் செய்கின்றான். தன் கூட்டத்தார் வந்து சேருமுன்னரே தீக்கடைந்து, இறைச்சியைச் சுட்டு உண்ணக் கொடுக்கின்றான். விடைபெறுங்கால் தன் அணிகலனையும் அளிக்கின்றான். நாடு யாது எனக் கேட்பின் கூறவில்லை. பெயர் யாது எனக் கேட்பினும் கூறவில்லை. அவன் கண்டீரக்கோப் பெருநள்ளி என்பதை வழியிற் பிறர் கூறவே புலவர் அறிகின்றார்.

நொக்ஸ் கூறிய நிகழ்ச்சியும் பலாமரத்தடியிலேயே நிகழ்ந்தது என்பதை நோக்குக. அங்கே மரம் யாருடையது என்ற வினா முதலில் எழுந்தது. இங்கே பசித்தவன் ஒருவன் இருக்கின்றான் என்ற உணர்வு முதலில் எழுந்தது. வேட்டையறம் இவ்விரண்டுக்கும் இடையிலேயே இயங்கியது. நள்ளியைப் போன்ற கொடையாளர் எக்காலத்தும் சிலரே. எஞ்சியோருக்காகவே எல்லையும் பங்கும் அடையாளமும் விதிக்கப்பட்டன.

அரசு எழுப்பிய வினா

அரசுகள் காட்டை நோக்கிய பார்வை வேறு. வன்னியிலிருந்து அவை முதலில் வேண்டியது யானை. ஒல்லாந்தர் ஆட்சியில் வன்னிமையர் ஆண்டுதோறும் யானைகளைத் திறையாகச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். யாழ்ப்பாணத்தின் கொமாண்டராக இருந்த சுவார்தெக்றூன் 1697 இல் எழுதிய நினைவுக் குறிப்பிலே இத்திறையும் அதன் நிலுவையும் இடம்பெறுகின்றன. யாழ்ப்பாணத்திலே நடைபெற்ற யானை விற்பனைக்குக் கோல்கொண்டாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வணிகர் வந்தனர். ஆயின் யானை பிடிப்போரான பணிக்கரின் திறமையால் வந்த செல்வம் காட்டோடு நிற்கவில்லை. இரை யாருடையது என்ற வினாவுக்கு அரசினுடையது என்ற விடை முதன்முதலாக யானையின் பொருட்டே வன்னியில் ஒலித்தது.

பிரித்தானியர் ஆட்சியில் யானை சிலகாலம் பயிருக்குப் பகையாகக் கருதப்பட்டது. கொன்றோருக்குச் சன்மானம் வழங்கப்பட்டது. 1848 க்கு முற்பட்ட மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 க்கு மேற்பட்ட யானைகள், தலைக்குச் சில சில்லிங் சன்மானத்துக்காகக் கொல்லப்பட்டன என, குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1859 இல் எழுதினார். சன்மானம் தலைக்கு உரியது. ஆதலின் ஒரு யானையைப் பலர் சுட்டால் சன்மானம் ஒருவருக்கே. பங்கை மறந்து போட்டியை வளர்க்கும் தன்மை இம்முறையிலேயே அடங்கியிருந்தது.

அழிவு பெருகியபின் பாதுகாப்பு வந்தது. 1872 இலும் 1891 இலும் வேட்டை விலங்குகளைக் காக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியோருள் வேட்டை விருப்புடைய ஐரோப்பியரே முதன்மை பெற்றிருந்தனர். 1916 இல் சுடுகலச் சட்டமும், 1937 இல் விலங்கினத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. பின்னையது திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உளது.

இச்சட்டங்கள் தேவையற்றவை என்று கூறுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. அவை இல்லாதிருப்பின் மானும் மரையும் இன்று எஞ்சியிருக்குமா என்பது ஐயத்துக்குரியதே. ஆயின் அவை எழுப்பிய வினா யாது என்பதை நோக்குதல் வேண்டும். அனுமதிப்பத்திரம் உண்டா? பருவம் திறந்துள்ளதா? விலங்கு பட்டியலில் உளதா? இவை வேடனுக்கும் அரசுக்கும் இடையிலான வினாக்கள். வேடனுக்கும் வேடனுக்கும் இடையில் என்ன நிகழ வேண்டும் என்பது அச்சட்டங்களின் நோக்கமாக இருக்கவில்லை. அதற்கு மேலாக, வேட்டை குற்றமாகியபோது காட்டில் எதிர்ப்படும் ஒவ்வொருவனும் மற்றவனுக்குச் சாட்சியாகவோ காட்டிக்கொடுப்போனாகவோ தோன்றினான். முன்னர் குரல் கொடுத்துத் தன்னை அறிவித்தவன் இப்போது மறைவதே நன்று எனக் கொண்டான். குழை முறித்து இடுவதும் ஊரிற் பங்கு பகிர்வதும் குற்றத்தின் தடயமாயின. 1950களில் வவுனிக்குளம் புனரமைக்கப்பட்டு, வெளியிடங்களிலிருந்து மக்கள் குடியேறியபோது, பழைய காட்டு முறையைக் கற்பிப்பதற்குரிய வெளிப்படையான வழி அருகியிருந்தது என்று கருதுதல் பொருந்தும்.

முகமற்ற வேடன்

இம்மாற்றத்தின் முடிவுநிலையைக் காட்டும் கருவி கட்டுத்துவக்கு. விலங்கு செல்லும் தடத்தின் ஓரத்திலே, விலங்கின் உடல் உயரத்துக்கு, துவக்கு ஒன்றைக் கிடையாகக் கம்புகளிற் பிணைப்பர். அதன் விசையிலிருந்து மெல்லிய கம்பியைத் தடத்துக்குக் குறுக்கே இழுத்துக் கட்டுவர். கம்பியை எது தொடினும் துவக்கு வெடிக்கும். கட்டியவன் அப்போது வீட்டிலே உறங்கிக்கொண்டிருப்பான்.

மேற்கூறிய மூன்று வினாக்களையும் இக்கருவியின் முன் வைத்துப் பார்ப்போம். நிலம் யாருடையது எனக் கேட்க அங்கே ஆளில்லை. இரை எதுவெனத் தெரிவதற்கு அங்கே கண்ணில்லை. எதிர்ப்பட்டவன் யார் என்ற வினாவே எழுவதில்லை. பன்றியும், பால்மாடும், விறகுக்குச் சென்ற பெண்ணும், தேன் எடுக்கச் சென்றவனும், மற்றொரு வேடனும் கம்பிக்கு ஒன்றே. பன்றியின் உடலுக்கு வைத்த குறி மனிதனின் காலிலே படும். இலங்கையின் உலர்வலய மருத்துவமனைகளிலே கட்டுத்துவக்குக் காயம் நன்கறியப்பட்ட ஒன்றாகும். கால் இழந்தோரும் உயிரிழந்தோரும் உளர். கட்டியவனும் குற்றவாளி, பட்டவனும் சிலவேளை வேட்டைக்குச் சென்றவன் ஆதலின், நடந்ததை இருதரப்பாரும் மறைக்க முற்படுதலும் நேரும்.

இரு வேடர் எதிர்ப்படும் ஆபத்தை நீக்குவதற்கு மனித இனம் கண்ட வழிகளுள் மிகக் கொடியது, எதிர்ப்படுதலையே ஒழித்துவிடும் இவ்வழியாகும். நொக்ஸ் கூறிய வேடனும் கொல்லனும் முகங்காணாதவரே. ஆயின் அவர்களிடையே ஓர் இலையும் ஓர் எதிர்பார்ப்பும் இருந்தன. கட்டுத்துவக்கிலே அதுவும் இல்லை.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் இதே தன்மையைக் காடு முழுவதற்கும் பரப்பியது. நிலத்திற் புதைந்த கண்ணிவெடியும் தொடுபவன் யாரெனக் கேளாத கருவியே. 2009 க்குப் பின்னர் அவற்றை அகற்றும் பணி வன்னியெங்கும் பல்லாண்டு நடைபெற்றது. காட்டிலே துவக்கேந்திய ஒருவனைக் காணுதல் என்பதன் பொருளே ஒரு தலைமுறைக்கு மாறிவிட்டது. எதிர்ப்பட்டவனிடம் முதலில் எழும் வினா, வேடனா என்பதாக இராது, எத்தரப்பான் என்பதாயிற்று. அவ்வினாவுக்குப் பங்கோ குழையோ விடையாகா.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. வேட்டையறம் என்பது விலங்கின்மேற் காட்டும் இரக்கம் மட்டுமன்று. கருவியேந்திய இருவர், சான்று இல்லாத இடத்தில், ஒருவரையொருவர் வாழவிடுவதற்கு வகுத்த ஒழுங்குமாகும். கேட்டுப் புகுதல், பங்கு கொடுத்தல், தன்னை அறிவித்தல் என்னும் மூன்றும் அதன் கூறுகள். மூன்றுக்கும் அடிப்படை முகத்தை முகம் காணுதல். சட்டம் விலங்கைக் காக்க முற்பட்டது. அதனை ஓரளவு செய்தும் உளது. முகங்காணும் ஒழுங்கை அது காக்க முற்படவில்லை.

வேட்டை மீண்டும் வரவேண்டும் என யாரும் விரும்பார். ஆயின் வன்னியிலே குளத்து மீனும், காட்டுத் தேனும், விறகும், மேய்ச்சல் நிலமும், வாய்க்கால் நீரும் இன்றும் பொதுவாகவே உள. அங்கெல்லாம் இதே மூன்று வினாக்கள் நாள்தோறும் எழுகின்றன. பத்திரம் காட்டுவதனால் மட்டும் அவை தீர்வதில்லை என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். பழைய வழக்காற்றின் பயன் இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது.

மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம், ஒட்டுசுட்டான் முதலிய ஊர்களிலே காட்டு முறையைத் தம் தந்தையரிடம் கேட்டறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். எவ்வூரார் எம்மோட்டை வரை சென்றனர், அயலூரானைக் காட்டிற் கண்டால் எவ்வாறு அழைத்தனர், இறைச்சி எவ்வாறு கூறிடப்பட்டது, பூசல் நேரின் யார் முன்னிலையில் தீர்த்தனர் என்பன அவர்களிடம் கேட்டுப் பதியப்பட வேண்டியவை. வன்னி வரலாறு என்றவுடன் 1803 இல் கற்சிலைமடுவிற் பண்டாரவன்னியன் தோற்ற போரையே நாம் நினைக்கின்றோம். போர் நிகழாதவாறு எண்ணற்ற நாட்களை எண்ணற்ற பெயரறியா மனிதர் காட்டினுள் கடந்து சென்றமையும் வரலாறே. அதனைக் கேட்டெழுதுதல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.